துலாபாரத்துக்கு முன் குறைந்த பதினொரு கிலோ

1

“இந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தானா?”

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் முடிந்த அதே வாரத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஓர் அம்மையார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மொழித் தேர்வுச் சான்று என்று இரண்டு கோப்பு நிறையத் தாள்கள். ஒரு தாளும் குறையவில்லை. படம்தான் இடித்தது. பழைய அட்டையில் கழுத்தெலும்பு தெரியச் சிரிக்கும் ஒரு பையன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் நான்.

“நான்தான்” என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பெட்டியை என் பக்கம் தள்ளி, விரலை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. “ரேகை ஒத்துப்போகிறது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேலியாகத் தெரியவில்லை, நல்ல மனுஷிதான். அட்டை வரச் சில மாதங்கள் ஆகும் என்றார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு, “எல்லாம் சரியாப் போச்சும்மா, தை மாசம் வந்துடுவேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னேன். படத்து விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று தெரியும். அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது.

2

அம்மா ஏன் சந்தோஷப்படுவாள் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் தனி.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலேயே ஒல்லியான பையன் நான். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஊசி. வீட்டில் முதன்முதலாகப் பள்ளி முடித்தவன், கல்லூரி போனவன், பிறகு விமானம் ஏறியவன், எல்லாம் இந்த ஊசிதான். விசா முதல் தடவை மறுக்கப்பட்டது. அப்போது சொந்தக்காரர்கள் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. “எலும்பும் தோலுமா ஒரே புள்ள. அத்தப் போய் பனியில தள்ளப் பாக்குறாளே” என்று ஒரு பெரியம்மா தெருக்குழாயடியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அன்றைக்கு அம்மா பக்கத்துத் தெரு முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் போய், அந்த ஊரில் நிலையாகக் கால் ஊன்றிவிட்டால், துலாபாரம். அவன் எடைக்கு எடை வெல்லம். அப்போது நான் ஐம்பத்தெட்டு கிலோ.

நடுவில் ஒருமுறை, படிக்கும் காலத்தில், ஊருக்கு வந்தேன். “இன்னும் கால் ஊனலையே, அட்டை வரட்டும்” என்று அம்மா துலாபாரத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். பிறகு வேலை, விடுப்பு, புதுப்பிக்க வேண்டிய தாள்கள். நான்கு வருடம் ஊர்ப் பக்கம் வரமுடியவில்லை. அந்த நான்கு வருடத்தில் நான் ஊதினேன். ஒவ்வொரு படமும் அனுப்ப அனுப்ப அம்மா அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். பெரியம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்க் காட்டினாள். என் கன்னம்தான் அவளுடைய பதில்.

3

வேலை பார்க்கும் நிறுவனம் வற்புறுத்தியதால் அந்த மாதமே மருத்துவப் பரிசோதனைக்கும் போனேன். அறுபது வயதிருக்கும் டாக்டரம்மா. பதற்றத்தில் அவரை ‘நீ’ என்று அழைத்துவிட்டேன். ஜெர்மன் மொழியில் இந்த மரியாதை விஷயத்தில் எனக்கு இன்னும் நாக்கு தடுக்குகிறது. தெரு நாயிலிருந்து மேலாளர் வரை எல்லாருக்கும் ‘நீங்கள்’ போட்டுப் பழகியிருந்தேன். முக்கியமான இடத்தில் தவறியது. அவர் கண்டுகொள்ளவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

தொண்ணூற்றிரண்டு கிலோ. ஈரலில் கொழுப்பு. மூன்று மாதச் சர்க்கரை அளவு சரியாக எல்லைக் கோட்டில்.

“முப்பது வயதுதான் ஆகிறது” என்றார். “மாத்திரை இப்போது வேண்டாம். எடையைக் குறையுங்கள். தை மாதத்துக்கு முன்...” அவர் தை என்று சொல்லவில்லை, ஜனவரி என்றார். எனக்குத் தையாகத்தான் கேட்டது. “அதற்குள் குறையவில்லை என்றால் மாத்திரை ஆரம்பிப்போம்.”

எங்கள் வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். நெசவாளர் சொசைட்டி அறிவிப்பு, வங்கித் தாள், பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் பத்து வயதிலிருந்து என் கைக்குத்தான் வரும். இந்தத் தாளைப் படித்துச் சொல்லச் சொல்லி நான் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பையில் மடித்து வைத்தேன்.

காப்பீட்டு நிறுவனம் ஓர் உணவுப் பயிற்சி வகுப்புக்குச் செலவை ஏற்கும் என்று கடிதம் வந்தது. அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். சான்றுக்கு ஒரு படிவம் வேண்டும். அந்தப் படிவம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வர வேண்டும். ஒரு வழியாகப் போய் உட்கார்ந்தேன். எட்டுப் பேர் வட்டமாக. ரொட்டியில் வெண்ணெயை எவ்வளவு மெல்லியதாகத் தடவலாம் என்று ஒரு மணி நேரம் பேச்சு. நான் சோறு என்றேன். “எவ்வளவு சோறு?” என்று கேட்டார் பயிற்சியாளர். கையைக் குவித்துக் காட்டினேன். இரண்டு கையையும் சேர்த்து. பக்கத்திலிருந்தவர் தன் கையையும் குவித்துப் பார்த்தார். அடுத்த வாரம் நான் போகவில்லை.

சரி, தனியாகவே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

4

இனி வருவதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பொறியியல் படித்தவன். பொருட்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைச் சோதிப்பது என் வேலை. கலோரி என்ற சொல்லைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். இருந்தும் செய்தேன்.

முதலில் கைபேசியில் ஒரு செயலி இறக்கினேன். சாப்பிட்டதை எல்லாம் அதில் எழுத வேண்டும். புளிசாதம் என்று அடித்தேன், தெரியாது என்றது. சோறு என்று அடித்தால் பன்னிரண்டு வகை காட்டி எது என்று கேட்டது. இரண்டே நாளில் அதை அழித்துவிட்டேன். செயலிக்காக வாங்கிய சமையலறைத் தராசு மட்டும் மிச்சம் இருந்தது. கிராம் கணக்காகக் காட்டும் தராசு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா சொசைட்டிக்குப் புடவை நெய்கிறார். அங்கே பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்து முடித்த புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். அறுந்த நூல், வெட்டிய துண்டு, சிக்கல் எல்லாம் கழிவு. அதையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்த எடை, புடவை எடை, கழிவு எடை மூன்றும் ஒத்துப்போனால்தான் அப்பா நிமிர்ந்து வீட்டுக்கு வருவார். ஒருமுறை நாற்பது கிராம் இடித்தது. அந்த நாற்பது கிராமுக்காக நாங்கள் மூன்று பேரும் தறிக் குழிக்குள் இறங்கி, தரையைத் தடவித் தடவி நூல் பொறுக்கியிருக்கிறோம். உள்ளே போன எடை எங்கேயாவது இருந்தாக வேண்டும். இது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எனக்குள் ஏறிய பாடம்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். இடது பக்கம் உள்ளே போன எடை. வலது பக்கம் என் எடை. காலையில், மாலையில். ஒரு நாளைக்கு இரண்டு கிலோ சாப்பிடுகிறேன் என்றால், அதை எழுநூறு கிராமாக்கினால் போதும், உடம்பு தானாகக் குறையும்.

இந்தக் கணக்கில் தர்பூசணி எனக்கு எதிரி ஆயிற்று. ஒரு துண்டே நானூறு கிராம். வெள்ளரிக்காய், ரசம், மோர், கீரை எல்லாம் கனம். நிறுத்தினேன். முறுக்கு எவ்வளவு லேசு! அம்மா அனுப்பிய முறுக்கு ஐந்து சேர்ந்தாலும் நூறு கிராம் தாண்டவில்லை. வறுத்த முந்திரி ஒரு கைப்பிடி ஐம்பது. ஒரு முழு சாக்லேட் கட்டி வெறும் நூறு. தண்ணீர்தான் இருப்பதிலேயே கனம், அதையும் குறைத்தேன்.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது. எனக்கு வந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. பயிற்சி வகுப்பில் வட்டமாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

இரண்டாம் வாரம் நின்றது. மூன்றாம் வாரம் ஏறியது. தொண்ணூற்று மூன்றரை. எழுநூறு கிராமுக்கு மேல் நான் போகவே இல்லை. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது, வலது பக்கம் ஏறுகிறது. இல்லாத எடை எங்கிருந்து வருகிறது? அலுவலகத்தில் தலை சுற்றியது, வாய் காய்ந்தது, மலச்சிக்கல் வேறு. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எங்கே தப்பு என்று தேடினேன். ஏழு எட்டு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

5

இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சொந்தம் சுரேஷ் அண்ணன். ஆரணிக்காரர். அவர் வீட்டிலும் தறி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அந்த ஞாயிறு நான் பையிலிருந்து தராசை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இன்னாடா அது?” என்றார் அண்ணன்.

“தராசு அண்ணா.”

“அது தெரியுதுடா. எங்க வூட்டு சோத்து மேல நம்பிக்க இல்லையா?”

நோட்டைக் காட்டினேன். முழுக் கணக்கையும் விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். செல்வி அண்ணி கரண்டியும் கையுமாக நின்று கேட்டார்.

“அப்ப ஒரு கிலோ தர்பூசணி துன்னா ஒரு கிலோ ஏறும்னு சொல்ற.”

“ஏறுது அண்ணா. நான் எடை போட்டுப் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“அதோட நிறுத்திட்டேன்.”

“ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்து ஒண்ணுக்குப் போயிட்டு வந்து பாத்தியாடா?”

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே சிரிப்பை அடக்குவது கேட்டது.

“நீ சொசைட்டில வேல பாக்க வேண்டியவன்டா. தப்பிச்சு வந்துட்ட” என்றார் அண்ணன். பிறகு நோட்டை மறுபடி வாங்கி நிதானமாகப் புரட்டினார். “தப்பு உன்னுது இல்ல. நம்ம வூட்ல எல்லாம் இப்படித்தான் யோசிப்போம். எங்கப்பாவும் இதே மாதிரிதான், டாக்டர் எடையக் கொறைக்கச் சொன்னப்ப மாத்திரை கனமா இருக்குதுன்னு பாதியா ஒடச்சுப் போட்டாரு.”

அவருடைய ஆறு வயது மகள் நிலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஜெர்மனில் என்னிடம் கேட்டாள், “உங்கள் வயிற்றில் குழந்தை இருக்கிறதா?”

“தமிழ்ல கேளுடி” என்று அதட்டினார் அண்ணன்.

அவள் யோசித்தாள். நெடு நேரம் யோசித்தாள். “மாமா... பாப்பா... உள்ள?” என்றாள்.

இந்த முறை எல்லாரும் சிரித்தோம். அண்ணன்தான் முதலில் நிறுத்தினார். “போன வருஷம் முழு வாக்கியமா பேசிக்கினு இருந்தா” என்றார். நான் தராசைப் பைக்குள் வைத்தேன். கிளம்பும்போது அதை அண்ணியிடமே கொடுத்துவிட்டேன், கேக் செய்ய உதவும் என்று. பதிலுக்கு அவர் நிலாவின் பழைய சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கொடுத்தார். வாத்துப் படம் போட்ட சின்னத் தட்டு. “இதுல எவ்ளோ பிடிக்குதோ அவ்ளோ சாப்புடு. வாத்து மறையுற வரைக்கும் காயி, மிச்ச எடத்துல சோறு” என்றார். எனக்குக் கிடைத்த கருவிகளிலேயே உருப்படியானது அந்தத் தட்டுதான்.

6

பிறகு குறைந்தது. எப்படி என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாத்துத் தட்டு. உடம்பு எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை காலை மட்டும். டிராமில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வாய்க்கால் ஓரமாக நடப்பது. வீட்டிலிருந்து வரும் பலகாரப் பொட்டலத்தை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் திறந்து வைப்பது. அம்மாவின் அதிரசத்துக்கு அங்கே ரசிகர் கூட்டமே உண்டு.

எதற்காகக் குறைக்கிறாய் என்பதைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லிப் பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் இருந்தது. “சர்க்கரை வரக் கூடாது” என்று எழுதி ஒட்டினேன். நான்கு நாளில் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. அதைக் கிழித்துவிட்டுப் பழைய அட்டைப் படத்தை ஒட்டினேன். அந்தக் கழுத்தெலும்புப் பையனைப் பார்த்தால் ஆசை வரவில்லை. பசியோடு இருப்பவனாகத்தான் தெரிந்தான். உண்மையில் அப்போது அவன் பசியோடுதான் இருந்தான்.

எதற்காகக் குறைத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நடக்கும்போது என்னிடம் யாரும் எந்த மொழியிலும் பேசவில்லை. அந்த நாற்பது நிமிடம் நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்காக நடந்தேன் என்று நினைக்கிறேன். எடை அதன் கூடவே குறைந்தது.

எண்பத்தாறு ஆனபோது அம்மா கண்டுபிடித்தாள்.

வீடியோவில் பேசும்போது கைபேசியைக் கீழே, தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வேன். அப்போது முகம் பெரிதாகத் தெரியும். தடித்த ஸ்வெட்டர் வேறு. அப்படியும் கண்டுபிடித்தாள்.

“இன்னாடா வேலு, மூஞ்சி ஒட்டிப் போயிருக்குது?”

“குளிரும்மா.”

“குளிர்ல எல்லாரும் ஊதுவாங்க, நீ மட்டும் ஒட்டுவியா? சாப்டுறியா இல்லையா?”

“சாப்டுறேன்மா.”

“இத பாரு. எடை எவ்ளோன்னு கேட்டேன், தொண்ணூத்திரண்டுன்னு நீதான் சொன்ன. வெல்லக் கடையில சொல்லி வச்சாச்சு. சாமிக்குத் தர்றதுல கொறச்சுக்கினு வந்து நிக்காத. இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்குது. அதுக்கப்புறம் நீ எப்படி வேணா எளைச்சுக்க, நான் கேக்க மாட்டேன்.”

“நான் எங்கம்மா எளைக்கிறேன்?” என்றேன். பொய். என் வாழ்நாளில் அம்மாவிடம் சொன்ன பெரிய பொய் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவள் கேட்பதில் ஒரு நியாயம் இருந்தது. வேண்டிக்கொண்ட பிறகு எடையைக் குறைப்பது, முருகனிடம் பேரம் பேசுவது மாதிரிதான். நம்மூரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சர்க்கரை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் அந்தப் படங்கள் எல்லாம் என்ன ஆகும்? தெருத் தெருவாகக் காட்டிய அந்தக் கன்னம் வியாதி என்று ஆகிவிடும். பெரியம்மா சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் தின்றேன். தைக்குள் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து குறைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. வாத்துத் தட்டை மேலே தூக்கி வைத்துவிட்டுப் பெரிய தட்டை எடுத்தேன். பரோட்டா, பாயசம், சீஸ். மூன்றாம் நாள் சாயங்காலம் வயிறு கல் மாதிரி கிடக்க, டிராமில் என் நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். டாக்டரிடம் ஒரு பேச்சு, அம்மாவிடம் ஒரு பேச்சு. இரண்டு பேருக்கும் நடுவில் உடம்பு யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து இறங்கச் சொன்னார். அங்கிருந்து நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். அது ஏற்றுவதற்கான நடையா, இறக்குவதற்கான நடையா, தெரியாது. கால் நடந்தது. மறுநாள் வாத்துத் தட்டைக் கீழே இறக்கினேன்.

புது அட்டை கைக்கு வந்தது. பயணத்துக்கு முந்தைய வாரம் டாக்டரம்மா திரையைத் திருப்பினார். சர்க்கரை எல்லைக் கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. எடை எண்பத்தொன்று. “அருமை. விட்டுவிடாதீர்கள், விட்டால் திரும்பி வரும்” என்றார். இந்த முறை சரியாக ‘நீங்கள்’ போட்டு நன்றி சொன்னேன்.

7

ஆட்டோ தெருமுனையில் திரும்பியபோதே எங்கள் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். “இன்னா வேலு, அங்க சோறு போடலையா?” என்று சத்தமாகக் கேட்டார். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாவின் காதில் அது விழுந்தது.

அம்மா ஆரத்தி சுற்றினாள். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். மேலே, கீழே. அப்பா தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எவ்ளோ கொறஞ்சிருக்குது?”

“பதினொரு கிலோப்பா.”

“பதினொண்ணா? அவ்ளோ எடை கொறஞ்சா கழிவு காட்டணுமேடா. எங்க, டப்பால போட்டு எடுத்தாந்தியா?”

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “நடந்தேம்மா, நிறைய நடந்தேன், அதான்” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசியதெல்லாம் சாப்பிடு, தூங்கு, துண்டு எடுத்துக்க, அவ்வளவுதான். இலையில் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாதியை ஒதுக்கினேன். ஒதுக்கியதை அவள் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை கோயில். ஷேர் ஆட்டோ பிடித்து வெல்ல மூட்டைகளை ஏற்றினோம். தொண்ணூற்றிரண்டு கிலோ, அம்மா ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. மண்டபத்தில் துலாபாரத் தராசு சங்கிலியில் தொங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்து வாழைப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார். நானும் அம்மாவும் படியில் உட்கார்ந்தோம்.

“ஏண்டா இப்படிப் பண்ண?” என்றாள். கோபமாக இல்லை. சோர்வாக. “சாமி இன்னா நினைச்சுக்கும்? நல்லா இருக்குற புள்ளைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியுறேன். நீ எளைச்சு வந்து நிக்குற.”

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அந்தக் கைக்குழந்தை தட்டில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன்.

“சக்கர வர்ற மாதிரி இருந்துச்சும்மா. எளைக்கலன்னா மாத்திர போடணும்னு சொன்னாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“எப்போலேர்ந்து?”

“ஆடியிலேர்ந்து.”

“அப்ப நான் போன்ல தின்னு தின்னுன்னு சொன்னப்ப எல்லாம்...”

“ஆமாம்மா.”

“அப்பவே தெரியுமா உனுக்கு?”

“தெரியும்.”

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. பிறகு முந்தானையை இறக்கினாள். “சொல்லியிருந்தா நானே சாமிகிட்டப் பேசியிருப்பேனேடா” என்றாள். “அதுக்கு இன்னா, சொன்னா கேக்காதா?”

அதற்குள் எங்களை அழைத்துவிட்டார்கள்.

நான் தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அப்பாவும் கோயில் ஆளும் எதிர்த் தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். சங்கிலி முனகியது. என் தட்டு மெல்ல எழும்பித் தரையை விட்டு மேலே வந்து, எதிர்த் தட்டுக்குச் சமமாக நின்றது. “ஆச்சு” என்றார் கோயில் ஆள். தரையில் ஒரு சின்ன மூட்டை மிச்சம் இருந்தது.

“மீதிய எடுத்துக்கினு போங்கம்மா.”

“வேணாங்க” என்றாள் அம்மா. “அதையும் வச்சுக்கோங்க. அதுவும் அவனுதுதான்.”

எல்லாம் முடிந்து வெளிப் பிராகாரத்துக்கு வந்தபோது தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் மினுங்க, முந்திரி தெரிய. அம்மா தொன்னையை வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல் மூன்று விரலால் பெரிதாக ஓர் உருண்டை எடுத்து என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தாள். பாதி வழியில் கை நின்றது. உருண்டையைத் தொன்னையில் உதிர்த்துவிட்டு, பட்டாணி அளவுக்குக் கிள்ளி எடுத்தாள். அதைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கூடச் சேர்த்தாள். மறுபடி கொஞ்சம் எடுத்துவிட்டாள்.

“இவ்ளோ சாப்புடலாமா?” என்று என்னிடம் கேட்டாள்.

என் முப்பது வயதில் எனக்கு ஊட்டும் முன் அம்மா அளவு கேட்டது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், படித்த பிள்ளை சொல்லிவிடுவான் என்று. டாக்டரம்மா சொன்னதில் தொன்னை இல்லை. செல்வி அண்ணி சொன்ன வாத்துக் கணக்கும் அதற்குப் பொருந்தவில்லை. அவள் விரல் நுனியில் நெய் வழிந்து கையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் வைம்மா” என்றேன்.

அது சரியான பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.